தனித்த தாயும் சாதியின் காவலும்

கொடைக்கானலுக்கு வந்தால் மன அழுத்தம் பறந்துவிடும் என்கின்றன சுற்றுலா விளம்பரங்கள். கொடைக்கானல் கூட்டமும் பிடிக்காதவர்கள் இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, பூம்பாறையைத் தாண்டி, மன்னவனூருக்கு வருகிறார்கள். ஏரி, புல்வெளி, படிப்படியாக இறங்கும் கேரட் காடு, பூண்டுக் காடு. படம் எடுக்கிறார்கள், மூச்சை ஆழ இழுத்து விடுகிறார்கள், மாலையில் இறங்கிப் போகிறார்கள். அந்தப் படங்களின் ஓரத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, உறைபனி உருகாத காலையில் குனிந்து கேரட் பிடுங்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் உண்டு. புருஷன் இறந்துபோனவர்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள், அடி பொறுக்காமல் தாங்களே வெளியே வந்தவர்கள். இவர்கள் தங்கள் மன அழுத்தத்தைப் போக்க எந்த மலைக்குப் போவது?

நான் அந்த ஊரில் பிறந்தவள். இப்போது முனைவர் பட்ட ஆய்வாளர். ஏழு வயது மகளைத் தனியாக வளர்க்கிறேன். அனுதாபம் தேடி இதைச் சொல்லவில்லை. பேசப்போகும் விஷயம் நான் நூலகத்தில் மட்டும் கற்றதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று கேட்டால் கிடைக்கும் அறிவுரைகள் நமக்கெல்லாம் மனப்பாடம். நன்றாகத் தூங்குங்கள். உடற்பயிற்சி செய்யுங்கள். உங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். உதவி கேட்கத் தயங்காதீர்கள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் கடைசி அறிவுரையில் கொஞ்சம் நிற்போம். உதவி கேட்கத் தயங்காதீர்கள் என்றால், யாரிடம் கேட்பது? மகளுக்குக் காய்ச்சல் என்று இரவில் ஒரு ஆண் நண்பரின் பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனால், மறுநாள் தெருவில் பேசப்படுவது மகளின் காய்ச்சலைப் பற்றி இருக்காது. காட்டு முதலாளியிடம் முன்பணம் கேட்டால், அந்தக் கடனுக்கு வேறு ஒரு வட்டியும் எதிர்பார்க்கப்படும். அண்ணனிடம் கேட்டால் அவர் வீட்டில் அன்றிரவு சண்டை. ஆகவே தயக்கம் ஒரு மனக்கோளாறு அல்ல. சரியாகக் கணக்குப் போட்ட பிறகு வரும் முடிவு அது.

தனித்த தாயின் சுமையில் மூன்று பங்கு இருக்கிறது. ஒன்று வேலை, இன்னொன்று பணம், மூன்றாவது கண்காணிப்பு. முதல் இரண்டும் எல்லா ஏழைக் குடும்பங்களுக்கும் தெரிந்தவை. மூன்றாவதுதான் முதல் இரண்டையும் பகிர்ந்துகொள்ள விடாமல் ஒருத்தியின் தலையிலேயே ஏற்றி வைக்கிறது. இந்தக் கண்காணிப்பை ஏதோ ஊர்ப் பொறாமை, கிழவிகளின் வாய் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது சாதியின் வேலை என்பதே நான் சொல்ல வருவது.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1916 மே 9 அன்று, தமது 25ஆவது வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்பது அதன் மையம். அகமணம் நீடிக்க வேண்டுமானால் ஒரு சாதிக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி உபரியாகிறாள். அவள் சாதிக்கு வெளியே மணந்தால் வேலி உடைகிறது. சாதிக்குள்ளேயே மணந்தால், மணமாகாத ஒரு பெண்ணுக்குரிய ஆணை எடுத்துக்கொள்கிறாள். அந்த உபரியை என்ன செய்வது? ஒன்று கணவனோடு எரிப்பது. இல்லையென்றால் யாரும் விரும்பாத நிலைக்குத் தள்ளி, கைம்மையில் பூட்டி வைப்பது. மனைவியை இழந்த ஆணுக்கோ இந்த இரண்டும் பொருந்தவில்லை. அவன் சாதிக்குத் தேவைப்படுகிறவன். ஆகவே மணவயது வராத சிறுமி ஒருத்தியைக் கட்டிவைத்தார்கள்.

நூறு ஆண்டுக்கு முந்தைய இந்த விளக்கத்தை இன்றைய தெருவில் வைத்துப் பாருங்கள். மனைவி இறந்தால் கருமாதி முடிந்த கையோடு, "பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு அவன் எப்படித் தனியா கஷ்டப்படுவான்?" என்று பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள். கணவன் இறந்தால் அதே பச்சைப் பிள்ளையைக் காட்டி, "இனி இதுக்காகத்தான் நீ இருக்கணும் தாயி" என்கிறார்கள். பிள்ளை ஒன்றுதான். ஆணுக்கு அது மறுமணத்துக்கான காரணம், பெண்ணுக்கு அது பூட்டு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. சோறு பொங்கத் தெரியாமல், பெண்பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியாமல் தவிக்கும் அப்பாக்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களின் வாசலில் யாரும் செருப்பு எண்ணுவதில்லை.

"கண்காணிப்பு ஆதிக்கச் சாதிகளின் பழக்கம்தானே, உழைக்கும் மக்களிடம் இது ஏது?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். பாதி உண்மை. நம் மக்களிடம் அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்தது. ஒத்துவராத தாலியை அறுத்துவிட்டு இன்னொருவரைக் கட்டிக்கொண்டு, பிள்ளையையும் கையோடு கூட்டிப் போய் வாழ்ந்த பாட்டிகள் பல குடும்பங்களில் உண்டு. அந்தச் சுதந்திரத்தையே வசைச் சொல்லாக்கினார்கள். 'அறுத்துக்கட்டுற சாதி' என்று சொன்னால் தாழ்ந்த சாதி என்று பொருள். பிறகு நடந்ததை அறிவோம். கொஞ்சம் படித்து, கொஞ்சம் நிலம் வாங்கி, நாங்களும் மரியாதையான குடும்பம்தான் என்று காட்ட நினைத்தபோது நம் வீடுகளில் முதலில் பூட்டப்பட்டது பெண்ணின் கதவு. மேலே இருப்பவனிடம் இருந்து நாம் நிலத்தை வாங்க முடியவில்லை, கைம்மையை வாங்கிக்கொண்டோம்.

எங்கள் மலையைப் பற்றிய ஒரு பழைய பதிவு இதை இன்னும் வெளிச்சமாகக் காட்டுகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதிகளில், பழனி மலையின் நிலவுடைமைச் சமூகமான குன்னுவர்களிடம் அக்காலத்தில் இருந்த ஒரு வழக்கம் விவரிக்கப்படுகிறது. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் சொத்து மகளுக்குப் போகும் நிலை வந்தால், அவள் வளர்ந்த ஆணை மணக்கக் கூடாது. ஒரு சிறு பையனுக்கோ, சில நேரம் தகப்பன் வீட்டின் ஒரு பகுதிக்கோ அவளை மணமுடித்து வைப்பார்கள். பிறகு தன் சாதியில் தனக்குப் பிடித்த ஆணோடு அவள் இருந்துகொள்ளலாம். பிறக்கும் பிள்ளைக்கே சொத்து. நிலம் குடும்பத்தை விட்டுப் போகாது. வெள்ளைக்காரர்கள் இதை வேடிக்கை பார்க்கும் தொனியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தொனி நமக்குத் தேவையில்லை. ஒரு சமூகத்தைக் கேலி செய்யவும் இதை நான் எடுக்கவில்லை. இதற்குள் இருக்கும் கணக்குத்தான் முக்கியம்.

அப்பன் யார் என்று கேட்காமல் ஒரு பிள்ளையை ஊர் ஏற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இது சாட்சி. கணவன் இல்லாத தாயை மரியாதையோடு வாழவைக்க முடியும் என்பதற்கும் சாட்சி. நிபந்தனை ஒன்றுதான்: நிலம் காக்கப்பட வேண்டும், ஆண் சாதிக்குள் இருக்க வேண்டும். அதே காலத்துப் பதிவுகள், இதே மலையின் புலையர்களைக் குன்னுவர்களுக்கு அடிமைப்பட்டு உழைத்தவர்களாகக் குறிப்பிடுகின்றன. அவர்களின் பெண்களுக்குக் காக்க நிலம் இல்லை. ஆகவே வீட்டுத் தூணுக்கு வாழ்க்கைப்படும் சலுகையும் இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளை அவமானம் என்பது ஆதிகாலத்து ஒழுக்கம் என்று நம்மிடம் சொல்கிறார்கள். ஒழுக்கம் என்று சொல்லப்படுவது நிலத்துக்கும் சாதிக்கும் ஏற்ப வளைந்து கொடுத்திருக்கிறது. இன்று தன் பிள்ளையை நினைத்து இரவில் தூங்காமல் கிடக்கும் பெண், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்கிறாள். அந்தத் தவறை எழுதிய கை எது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

தெருவின் காவல் போதாதென்று அரசின் காகிதமும் காவலுக்கு நிற்கிறது. தமிழ்நாட்டில் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஓய்வூதியம் உண்டு. 2023 ஆகஸ்டில் அது மாதம் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதைப் பெற 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்தோ பிரிவோ பெற்றிருக்க வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட்டுக் குறைந்தது 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஐந்தாண்டு என்றால் கைக்குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போகும் காலம். பால் பவுடரும் மருந்தும் தேவைப்படும் அந்த ஐந்தாண்டும் அவள் கைவிடப்பட்டவள் என்று நிரூபிக்கக் காத்திருக்க வேண்டும். சான்றிதழுக்கு விசாரணை, விசாரணைக்குப் பக்கத்து வீட்டுச் சாட்சி. நகரத்தில் நான் வாடகைக்கு இருந்தபோது ஒரு சான்றிதழுக்காக வந்தவர், இந்த வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று எதிர்வீட்டில் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எதிர்வீட்டு அக்கா என்னிடம் பேசும் விதமே மாறிப்போனது. மன்னவனூர்ப் பெண்ணுக்கு இதோடு தூரமும் சேர்கிறது. தாலுகா அலுவலகம் கொடைக்கானலில், கலெக்டர் அலுவலகம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் திண்டுக்கல்லில். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலி.

காகிதத்தின் காவல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராதிகா வெமுலாவின் வாழ்க்கையைவிட வேறு சான்று வேண்டாம். மாலா சாதியில் பிறந்து, பிற்படுத்தப்பட்ட வட்டேரா குடும்பத்தில் வளர்ந்து, அதே சாதியைச் சேர்ந்தவருக்கு மணமுடிக்கப்பட்டவர். கொடுமை தாங்காமல் கணவரை விட்டு வெளியேறி, தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அவர்களில் ஒருவர் ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர் ரோகித் வெமுலா. 2016 ஜனவரி 17 அன்று ரோகித் இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருந்தது. அதன் பிறகு அரசு எந்திரம் தேடிய விடை எது? ரோகித்தை யார் விரட்டினார்கள் என்பதைவிட, அவர் தலித்தா இல்லையா என்பதைத்தான். ரூபன்வால் ஆணையம் அந்தத் தாயின் சாதியையே சந்தேகித்தது. 2024இல் தெலங்கானா காவல்துறை தாக்கல் செய்த முடிப்பு அறிக்கையும் அதையே திரும்பச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மறுவிசாரணை பற்றிப் பேசினார்கள்.

இத்தனைக்கும் சட்டம் அப்போதே தெளிவாக இருந்தது. ரமேஷ்பாய் நாய்க்கா வழக்கில் 2012 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சாதிதான் என்று தானாக முடிவு கட்ட முடியாது, பிள்ளை யாரிடம் எந்தச் சூழலில் வளர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலோ கலப்பு மணப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருவரில் ஒருவரின் சாதியைத் தேர்ந்துகொள்ளும் வழி பல பத்தாண்டுகளாக உண்டு. அப்படி இருந்தும், வளர்த்தவள் அவள், பெயர் மட்டும் அவனுடையது என்பதை ஒரு பிள்ளை இறந்த பிறகும் கோப்புகள் விடவில்லை. பிள்ளையை இழந்த தாய், தான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்த வேதனைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

நம் இயக்கத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஜோதிராவும் சாவித்திரிபாய் ஃபுலேவும் 1863இல் புனேயில், கருவுற்ற கைம்பெண்கள் மறைவாகப் பிள்ளை பெற்றுக்கொள்ள ஒரு இல்லம் தொடங்கினார்கள். அங்கு வந்த பார்ப்பனக் கைம்பெண் ஒருவரின் மகன் யஷ்வந்தைத் தங்கள் பிள்ளையாக வளர்த்து மருத்துவராக்கினார்கள். பெரியார் 1909இலேயே தம் தங்கை மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை, கைம்பெண்ணுக்கு மறுமண உரிமை என்று தீர்மானம் போட்டது. இந்த மரபில் இருந்துதான் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் கைம்பெண் மறுமண உதவியும், மணியம்மையார் பெயரில் ஏழைக் கைம்பெண்ணின் மகள் திருமண உதவியும் வந்தன. அவற்றின் மதிப்பு பெரிது. ஆனால் கவனியுங்கள், இரண்டும் ஒரு திருமணத்துக்குத்தான் பணம் கொடுக்கின்றன. மறுமணம் வேண்டாம், என் பிள்ளையோடு இருந்துகொள்கிறேன் என்பவளுக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

ஒன்று இருக்கிறது, அது வேலையும் செய்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவான காலை உணவுத் திட்டம். காட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்கு விடிகாலையின் நெருக்கடி என்னவென்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். பிள்ளை பள்ளியில் சூடாகச் சாப்பிட்டுவிடும் என்ற நினைப்பு தரும் நிம்மதியை எந்த மாத்திரையும் தராது. அந்த அடுப்பங்கரையையும் சாதி விட்டுவைக்கவில்லை. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. தனித்த தாய்க்கு மூச்சுவிட இடம் தரும் ஒவ்வொரு பொது ஏற்பாட்டையும் சாதி எதிரியாகப் பார்க்கிறது. பொது அடுப்பு என்பதே அதற்குப் பிடிக்காது.

அடுத்து வர வேண்டியது பொதுத் தொட்டில். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தம், ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் என்றது. நூறு நாள் வேலைச் சட்டம்கூட, வேலையிடத்துக்கு ஐந்து சிறு பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தச் சொன்னது. மேல்மலையின் கேரட் காடும் பூண்டுக் காடும் இவை எதிலும் வராது. பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் காடுகள், தினம் ஒரு முதலாளி. இங்கே அங்கன்வாடி பிற்பகலோடு மூடிவிட்டால் பிள்ளை வரப்பில்தான். 1965 முதல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இயங்குகிறது. குட்டி போட்ட ஆட்டை எப்படிப் பேணுவது என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்கிறது. நல்ல விஷயம். பிள்ளை பெற்ற கூலிப் பெண்ணைப் பேணவும் அதே அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் யோசிக்க வேண்டும். பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை தரலாம் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள். பிள்ளை 240 நாளில் வளர்ந்துவிடுவதில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் தள்ளிப்போகும்போது, வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள். இன்னொரு சம்பளம் இல்லாதவள் ஆய்வைப் பாதியில் விட்டுப் போனால், படிப்பில் அக்கறை இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

இனி நம் பங்கு. நாம் தாய்மார்களைப் போற்றுவதில் குறை வைப்பதில்லை. ராதிகா வெமுலாவை மேடையில் வீரத்தாய் என்கிறோம். மகனைச் சாதிவெறிக்குப் பறிகொடுத்து நீதிமன்றப் படியேறும் ஒவ்வொரு அம்மாவுக்கும் கைதட்டுகிறோம். கைதட்டல் முடிந்து அவர் எந்த பஸ்ஸில் வீடு போனார் என்று கேட்பதில்லை. தியாகி என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அவளுக்குத் தூக்கம் வேண்டாம், சிரிப்பு வேண்டாம், துணை வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அதுவும் கைம்மைப் பூட்டுத்தான். பூவும் பொட்டும் பறிப்பதற்குப் பதிலாக மாலை போட்டுப் பூட்டுகிறோம்.

ஆகவே நான் கேட்பவை எளியவை. நம் கூட்டங்களை மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணிக்கு முடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பிள்ளைகளுக்கு ஒரு மூலை, ஒரு பாய், அவர்களைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஒரு ஆண் தோழர் இருக்கட்டும். உங்கள் தெருவில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒருத்தியின் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு நடப்பதும் சாதி ஒழிப்பு வேலைதான். கைவிடப்பட்டவர் ஓய்வூதியத்தின் ஐந்தாண்டு நிபந்தனையை நீக்கச் சொல்லிக் கேட்போம். அக்கம்பக்கத்துச் சாட்சியை ஒழித்து, பெண்ணின் உறுதிமொழியையே ஆதாரமாக ஏற்கச் சொல்வோம். விவசாயக் கூலிப் பெண்களின் வேலை நேரத்துக்கு ஏற்ப அங்கன்வாடி திறந்திருக்கக் கேட்போம்.

இதைப் படிக்கும் தனித்த தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சாதிதான் காரணம் என்பதால் மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, செத்துவிடலாம் என்று தோன்றுகிற அளவுக்குப் போனால் 14416 என்ற இலவச எண்ணை அழையுங்கள், எந்த நேரமும் பேசலாம். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரைப் பாருங்கள். சாதியை ஒழித்த பிறகு தூங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்க நம் உடம்புக்கு நேரமில்லை. ஆனால் மருந்தை விழுங்கும்போதும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறைபட்ட குடும்பம் அல்ல. நீங்களும் உங்கள் பிள்ளையும் முழுக் குடும்பம். குறை, வாசலில் நின்று செருப்பு எண்ணுகிறவர்களிடம்தான்.